பூட்டான்: அம்மாவோட முட்டியும் எங்க பட்ஜெட்டும் (நீண்ட பதிவு)

பூட்டான் போக எவ்ளோ ஆகும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகலாமான்னு இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேட்டுட்டீங்க. தனித்தனியா பதில் சொல்ல டியூட்டி விடல. மொத்தமா இங்க எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

போனது நாலு பேர். நான், மனைவி, 7 வயசுப் பையன், 64 வயசு அம்மா. அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் மாத்திரையில கட்டுப்பாட்டுல இருக்கு. பிரச்சனை முழங்கால். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் பாருங்கன்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டார்.

அதனால வீட்ல முதல் விவாதம் காசு பத்தி இல்ல. ஆபரேஷன் முதல்லயா, பூட்டான் முதல்லயா? ஆபரேஷன் முடிச்சு, ஆறு மாசம் பிசியோதெரபி செஞ்சுட்டு நல்லா நடந்து போகலாம்ங்கறது என் கருத்து. அம்மா ஒரே வரியில முடிச்சாங்க: "டேபிள்ல எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, நீங்க மட்டும் போயிட்டு வந்து போட்டோ மாட்டுவீங்களாடா?" தினமும் நோயாளிங்களுக்கு ரிஸ்க் விளக்குறவன் நான். இதுக்கு பதில் வரல. பயணம் முதல்ல, ஆனா திட்டம் முழுக்க முட்டிக்கு ஏத்த மாதிரின்னு முடிவாச்சு.

இப்ப காசு. பூட்டான்ல தங்குற ஒவ்வொரு ராத்திரிக்கும் அரசாங்கத்துக்கு ஒரு கட்டணம் உண்டு. சுருக்கமா எஸ்டிஎஃப். மத்த வெளிநாட்டவருக்கு 2023 செப்டம்பர்ல இருந்து 100 டாலர் (அதுக்கு முன்னாடி 200). இந்தியர்களுக்கு 1,200 ரூபாய், 6 வயசுல இருந்து 12 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைகளுக்கு பாதி. 2020 வரைக்கும் நமக்கு இது கிடையாது. "தண்டச் செலவு"ன்னு திட்டுறவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. அடிப்படை மருத்துவம் இலவசம்னு அரசியலமைப்புலயே எழுதி வச்சிருக்கற நாடு அது. பத்து லட்சம் பேர் கூட இல்லாத ஊருக்குக் கூட்டம் கூட்டமா நாம போய் இறங்கினா, அந்த மலைக்கும் ஒரு கூலி கொடுக்கணும்ல.

எங்களுக்கு 5 ராத்திரி: திம்பு 2, புனாக்கா 1, பாரோ 2. பெரியவங்க மூணு பேருக்கு 18,000, பையனுக்கு 3,000. ஆக 21,000. பேக்கேஜ் விலை கேட்கும்போது இந்தத் தொகை உள்ளயா வெளியயான்னு எழுத்துல வாங்கிடுங்க. ஒரு ஏஜென்ட் "எல்லாம் சேர்த்து"ன்னு மலிவா சொன்னார். துருவிக் கேட்டா எஸ்டிஎஃப் இல்ல, கைடு இல்ல, நுழைவுச் சீட்டு இல்ல. அப்ப எதைத்தான் சேர்த்தார்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

நாங்க போட்ட கணக்கு: ஹோட்டல் ரெண்டு ரூம் 35,000. காரும் டிரைவரும் 6 நாளைக்கு 24,000. கைடு 12,000. நுழைவுச் சீட்டு 9,000. மதியம், ராத்திரி சாப்பாடு 15,000. எஸ்டிஎஃப் சேர்த்தா பூட்டானுக்குள்ள 1,16,000. சென்னை – பாக்டோக்ரா விமானம் போக வர 60,000, அங்கிருந்து எல்லையில இருக்கற ஜெய்கான் வரை கார் போக வர 10,000, ஜெய்கான்ல ஒரு ராத்திரி 4,000. மொத்தம் 1,90,000. கைகாவலுக்கு 20,000 சேர்த்து 2,10,000. மாசம் 17,500 வீதம் 12 மாசம் ஆர்டி போட்டோம். பாரோவுக்கே நேரா பறக்கலாம், ஆனா நாலு பேருக்கு டிக்கெட் பார்த்ததும் சாலையே போதும்னு ஆயிடுச்சு. இது இல்லாம மருத்துவ அவசரத்துக்குன்னு 40,000 தனியா. அதுல கை வைக்கக் கூடாதுன்னு வீட்ல சட்டம்.

நம்ம ரூபாயும் அவங்க நுல்ட்ரமும் ஒரே மதிப்பு. அதனால கணக்கு போடறது சுலபம்.

விசா வேண்டாம், பெர்மிட் போதும். பாஸ்போர்ட் இல்லன்னா வாக்காளர் அட்டை. ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். அரசு ஊழியர்களுக்கு ஒண்ணு: வாக்காளர் அட்டையில போனாலும் அது வெளிநாடுதான். முன் அனுமதி வாங்கணும். லீவு லெட்டருக்கு முன்னாடி அந்த ஃபைலை நகர்த்துங்க.

உயரத்துக்கு வருவோம். மலை நோய் பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான் தொந்தரவு. அதுலயும் முக்கியம் எங்க தூங்கறோம்ங்கறது. திம்பு, பாரோ ரெண்டும் அதுக்குக் கீழ. புனாக்கா இன்னும் தாழ்வு. 3,100 மீட்டர்ல இருக்கற தோச்சுலா கணவாயை கார்ல தாண்டி இறங்கிடறோம். அதனால அசிட்டசோலமைடு யாருக்கும் கொடுக்கல. கிட்டத்தட்ட 4,000 மீட்டர் செலேலா கணவாயை மட்டும் அம்மாவுக்காக வெட்டிட்டேன். மாத்திரைகளை ரெண்டு பங்காப் பிரிச்சு ரெண்டு பையில வைங்க. ஒரு பை தொலைஞ்சாலும் ஓடும். குளுக்கோமீட்டர் அதிகக் குளிர்ல தப்புக் காட்டும், சட்டைக்குள்ள வச்சுக்கோங்க. இதய நோய், நுரையீரல் நோய் இருக்கறவங்க உங்க டாக்டரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, என் பதிவை வச்சு இல்ல.

இனி தக்சாங், எல்லா போட்டோலயும் பாறையில தொங்குற புலிக்கூடு மடம். 3,120 மீட்டர். பாதி வழி வரை குதிரை ஏத்திட்டுப் போகும். ஆனா இறங்கும்போது குதிரை கிடையாது. தேய்ஞ்ச முட்டிக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் எமன். அம்மாகிட்ட இதை முன்னாடியே சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல.

அன்னிக்கு மனைவியும் பையனும் கைடோட மேல போனாங்க. நானும் அம்மாவும் கார்ல கீச்சு லக்காங் போனோம். ஏழாம் நூற்றாண்டுக் கோவில்னு சொல்றாங்க, சமதளம். உள்ளூர் கிழவிகள் ஜெபச் சக்கரத்தை உருட்டிட்டே பிரகாரம் சுத்தறாங்க. பாதிப் பேருக்கு அம்மா மாதிரியே வளைஞ்ச கால். பாட்டியை அங்க "அங்கே"ன்னு கூப்பிடுவாங்க. டிரைவர் அப்படிக் கூப்பிட்டதும் அம்மா "எங்கேப்பா?"ன்னு திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் ஒரு பாட்டி இவங்க முட்டியைத் தொட்டுக் காட்டி, தன் முட்டியையும் தட்டிச் சிரிச்சாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சுத்த ஆரம்பிச்சாங்க. நான் எண்ணினது ஒன்பது சுத்து. வீட்ல மாடி ஏற மாட்டேங்கறவங்க.

கடைசிக் கணக்கு 1,97,000. மிச்சம் 13,000. தொடாத 40,000 அப்படியே இருக்கு. ரெண்டையும் அம்மாவோட ஆபரேஷன் கணக்குல போட்டாச்சு. அடுத்த மாசம் தேதி. வலது கால் முதல்ல.