மூன்றாம் சிலிண்டர்

கஸ்ஸல் நகரத்தையொட்டி ஏ7 நெடுஞ்சாலை மலையேறும் இடத்தில் எங்கள் புல்லி நின்றுபோனது. ஜெர்மனியில் பழைய ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸுக்கு அதுதான் செல்லப்பெயர். எங்களுடையது 1970 மாடல், உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்தது. முதலில் பின்னாலிருந்து இரும்பை இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் ஓரங்கட்டுவதற்குள் என்ஜின் அடங்கிவிட்டது. வீட்டுக்கு இழுத்துவந்து, என்ஜினை இறக்கி, இடப்பக்க ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு முறிந்து, அதன் தலை பிஸ்டனில் புதைந்திருந்தது.

முழுதாகப் புதுப்பித்த என்ஜின் என்று சொல்லித்தான் அந்த வண்டியை எனக்கு விற்றார்கள். உள்ளே பேரிங்குகளைப் பார்த்தால் அது பொய்யில்லை என்று தெரிந்தது. கிராங்கில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு ஏன் வால்வு முறிந்தது? ஃபேன் உறையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வண்டி பல வருடம் ஒரு வைக்கோல் கொட்டகையில் கிடந்திருக்கிறது. வைக்கோலும் இருக்கையிலிருந்து பிய்த்த பஞ்சுமாக எலிகள் கட்டிய கூடு மூன்றாம் சிலிண்டரின் ஃபின்களை அடைத்துக்கொண்டு இருந்தது. காற்று போகவேண்டிய இடத்தில் ஒரு தலையணை!

நான் ஸ்பானர் பிடிக்கக் கற்றது கோயம்புத்தூரில், மாமாவின் பட்டறையில், புல்லட் என்ஜினில். அதுவும் காற்றால் குளிரும் என்ஜின்தான். ஆனால் புல்லட் ஓடினால் போதும், காற்று தானாக வந்து ஃபின்களில் மோதும். புல்லியின் என்ஜினோ வண்டியின் பின்பக்கம் மூடிய அறைக்குள் இருக்கிறது. அங்கே காற்று தானாக வராது. டைனமோவின் தண்டில் பூட்டிய ஃபேன் காற்றை இழுத்துத் தகர உறைக்குள் தள்ள, உறை அதை இரண்டாகப் பிரித்து நான்கு சிலிண்டர்கள் மீதும் இறக்குகிறது. டைனமோவையும் ஃபேனையும் சுற்றுவது ஒரே பெல்ட். சார்ஜ் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் காற்றும் நின்றிருக்கும்.

அந்தக் காற்றிலும் மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைப்பது மிச்சம்தான். என் என்ஜினின் காலம்வரை ஆயில் கூலர் உறைக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்கு இறங்கும் காற்றின் வழியில் நின்றது. ஆயிலைத் தொட்டுச் சூடான காற்றுதான் அதன்மேல் படும். 1971 மாடலில் கூலரை அந்த வழியிலிருந்து விலக்கித் தனி வழி கொடுத்தார்கள்.

அக்காலத்தில் பலர் இந்த என்ஜினைத் தாங்களே பிரித்ததில்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்த என்ஜினை வாங்கிக்கொண்டார்கள். அப்படிப் புதுப்பிக்கும் வேலையோடுதான் 1958-இல் கஸ்ஸலுக்குப் பக்கத்தில் பவுனாட்டால் தொழிற்சாலை தொடங்கியது. என் வண்டி நின்ற இடத்திலிருந்து அது தூரமில்லை. இந்த வகை என்ஜினை பிரேசிலில் 2005 வரை புல்லியில் பொருத்தினார்கள். உதிரிபாகங்கள் இன்றும் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை. தூக்கினால் எடையே தெரியாது, ஆனால் மிருதுவானது. சிலிண்டர் ஸ்டட்டுகளின் நட்டை 32 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினால் கேஸிலுள்ள மரை உருவிக்கொண்டு வரும். எனக்கு முன்னால் யாரோ அப்படி இறுக்கியதில் ஓர் ஓட்டை ஏற்கெனவே கெட்டிருந்தது. எஃகு மரைச்செருகி வைத்துச் சரிசெய்தேன். புல்லட்டில் பழகிய என் கை ஒவ்வொரு நட்டிலும் இன்னும் கொஞ்சம் என்றது. “மெதுவா, கண்ணு” என்று மாமா அன்று சொன்னதை டார்க் ரெஞ்ச்சின் ‘டிக்’ சத்தத்தில்தான் இப்போது கேட்கிறேன்.

கேஸ் இரண்டு பாதிகளால் ஆனது. இரண்டையும் சேர்த்து வைத்தே துளையிட்டிருப்பார்கள், எனவே ஒரு கேஸின் பாதி இன்னொரு கேஸுக்கு ஆகாது. நடுவில் கேஸ்கெட் கிடையாது, மெல்லிய பசைப்பூச்சு மட்டும். கேம் சக்கரத்தின் ஒற்றைப் புள்ளி கிராங்க் சக்கரத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரவேண்டும். நான்கு மெயின் பேரிங்குகளில் ஒன்றுதான் பிளந்தது, மற்ற மூன்றும் முழு வளையம். ஒவ்வொன்றையும் கேஸில் நிற்கும் சிறு பின்னில் ஓட்டை பார்த்து உட்காரவைக்க வேண்டும். முதல் முறை பெரிய நட்டுகளைப் பாதி இறுக்கிவிட்டுக் கிராங்கைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. மாலை முழுக்கச் செய்த வேலையைப் பிரித்தேன். ஒரு வளையம் பின்னின் மேலேயே உட்கார்ந்து, அதன் முதுகில் குழி விழுந்திருந்தது. புது பேரிங் வரும்வரை பத்து நாள் காத்திருந்தேன். இரண்டாம் முறை ஒவ்வொரு வளையத்திலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு மூடினேன். ஒவ்வொரு நட்டை இறுக்கியதும் கிராங்கைச் சுற்றினேன். விரலுக்கே சுழன்றது.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது கிராங்கின் முன்பின் ஆட்டத்தை அளந்து வைக்கிற கட்டம். ஃப்ளைவீலுக்கும் முதல் பேரிங்குக்கும் நடுவில் ஷிம்கள் எனும் மெல்லிய வளையத் தகடுகள் மூன்று வரும். முதலில் இரண்டை மட்டும் போட்டு ஃப்ளைவீலை இறுக்கி, டயல் கேஜை வைத்துத் தள்ளியும் இழுத்தும் பார்க்க வேண்டும். 0.42 மில்லிமீட்டர் வந்தது. இருக்கவேண்டியது 0.07-இலிருந்து 0.13. 0.10 விட்டால் மிச்சம் 0.32. அந்தக் கனத்தில் ஷிம் கிடைக்கிறது. தலைமுடியின் கனமளவு வெளி! அதற்குள்தான் அந்தக் கிராங்க் ஆயிலில் மிதந்தபடி ஓடவேண்டும். பிறகு ஃப்ளைவீல் நட்டுக்கு 350 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் ஏறக்குறைய 36 கிலோ தொங்குவதற்குச் சமம். என் மகன் ஃப்ளைவீலைப் பூட்டிப் பிடிக்க, நான் தொங்கினேன்.

பிஸ்டன், ரிங், புஷ்ராடு பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாட்கள் போனது காற்றின் வழியில்தான். புது ஹெட்டின் ஃபின்களுக்கு நடுவில் வார்ப்பின் பிசிறு பல இடங்களில் வழியை அடைத்திருந்தது. மெல்லிய அரம் எடுத்து, மறுபக்கம் டார்ச் வெளிச்சம் தெரியும்வரை ஒவ்வொன்றாக அராவினேன். சிலிண்டர்களுக்கு அடியில், ஸ்டட்டுகளில் செருகும் சிறு தகரங்கள் உண்டு. மேலிருந்து வரும் காற்று நேரே கீழே போய்விடாமல் சிலிண்டரின் அடிப்புறத்தையும் அணைத்துப் போகச் செய்பவை அவை. ஹெட்டை மாட்டும் முன் அவற்றை வைக்க வேண்டும். அந்தப் பளபளப்பான என்ஜினில் அவை இல்லை. உறைக்குள் தெர்மோஸ்டாட் அசைக்கும் மடல்களும் இல்லை. என்ஜின் அறையின் விளிம்பைச் சுற்றிவரும் ரப்பர் பட்டை துண்டுதுண்டாக இருந்தது. அது இல்லாவிட்டால் கீழே போன சூட்டையே ஃபேன் மறுபடி இழுக்கும். எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்தினேன். கூட்டைக் கட்டியது எலிகள். ஆனால் அந்தச் சிலிண்டரை முதலில் கைவிட்டது, உள்ளே அத்தனை நுணுக்கமாக வேலை செய்துவிட்டு வெளியே இருப்பதை வெறும் தகரம் என்று நினைத்த கை. அதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

என்ஜினை ஏற்றியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றினோம். பிறகு பிளக்குகளைப் பூட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புது கேமும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழக, ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடவேண்டும். மகன் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி ஆயில் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா, எரியலை” என்று நிமிடத்துக்கு ஒருமுறை கத்தினான்.

நான் பின்னால் தரையில் படுத்துக்கொண்டேன். முதலில் கீழே காற்று அதிகம் இல்லை. தெர்மோஸ்டாட் சூடேறிக் கம்பியை மெல்லத் தள்ளியது, உறைக்குள் மடல் திறந்தது. இடப்பக்கம், முன்னால், மூன்றாம் சிலிண்டருக்கு நேர் கீழே உள்ளங்கையை நீட்டினேன். சூடாக, விட்டுவிடாமல், காற்று இறங்கிக்கொண்டிருந்தது.