துண்டும் நியாய சபையும்

ஒப்பந்தத்தை மீறியவர் நட்டஈடு கொடுப்பதே பொதுவழக்கு. திம்புள்ளைத் தோட்டங்களிலோ நீதி வேறாக இருந்தது. முன்னறிவித்தலும் தக்க காரணமுமின்றித் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளியை, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சிறைக்கே அனுப்பிற்று. கடனைத் தீர்த்தால்தான் விடுதலை என்றெழுதிய ‘துண்டு’ அவனைத் தோட்டந்தோறும் தொடர்ந்தது. என் பூட்டனாருக்கு அதனை வாசிக்கவும் தெரியாது.

துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழில் நியாய சபைகள் ஏற்பட்டன. இன்று நியாயமின்றி வேலைநீக்கப்பட்டவர் ஆறு மாதத்துள் அங்கு விண்ணப்பித்து, மீண்டும் வேலையோ நட்டஈடோ கோரலாம். சம்பளம் தராவிடின் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

முறையிடுவோருக்குச் சான்று வேண்டுமன்றோ? மாணவச் செல்வங்களே, பெற்றோரின் சம்பளச் சீட்டை மாதந்தோறும் வாசித்துக் காட்டுங்கள். பின்னர் பத்திரமாக எடுத்துவையுங்கள்.