இறக்கையைப் பார்த்து ஈயை அறியலாம்

சூளகிரி பக்கம் மாந்தோப்பை ஒட்டிப் பாகல் பந்தல் போட்டிருக்கிறார் ஓர் அம்மா. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், தோப்பில் பலன் தந்த மெத்தில் யூஜினால் பொறியைப் பந்தலிலும் கட்டினார். பொறியில் ஈ விழுந்தது. பிஞ்சு அழுகுவது நிற்கவில்லை. பறித்ததில் பாதி சொத்தை.

"தம்பி, காயில உட்கார்ற ஈயோட இறக்கை வேற மாதிரி இருக்குப்பா" என்றார் அம்மா.

லென்ஸில் பார்த்தால் விஷயம் புரியும். மாம்பழ ஈக்குத் தெளிந்த இறக்கை. முன்விளிம்பில் மெல்லிய கருங்கோடு. பாகல் ஈக்கு இறக்கை நுனியில் பழுப்புப் பொட்டு, குறுக்கே ஒரு பட்டை. இதன் ஆண் ஈ கியூ லூர் பொறிக்குத்தான் வரும்.

பொறியை மாற்றினார்கள். புழு மண்ணுக்குள் இறங்கியே கூட்டுப்புழுவாகும் என்பதால், சொத்தைக் காயை வரப்பில் வீசாமல் 2 அடி ஆழத்தில் புதைக்கிறார்கள்.