பையனுக்கு முதல் வண்டி

மிச்சிகன்ல 16 வயசானா லைசென்ஸ் கையில வந்துடுது. நம்மாளு கேட்டது 2000 மாடல் ஜீப் செரோக்கி. "ஃபோர் வீல் டிரைவ்ப்பா, பனியில சேஃப்"ங்கறான். அடேய், நாலு சக்கரமும் இழுத்தா வண்டி கிளம்பும். பிரேக் போட்டா எல்லா வண்டியும் ஒண்ணுதான்!

சறுக்கும்போது சக்கரத்துக்குச் சக்கரம் தனியா பிரேக் பிடிச்சு வண்டியை நேராக்குற ஈ.எஸ்.சி. அதுல கிடையாது. அமெரிக்காவுல 2012 மாடல்லேர்ந்துதான் அது கட்டாயம். உயரமான வண்டி வேற, சட்டுனு ஒடிச்சா கவிழும்.

பாய் விரிச்சு அடியில படுத்து டார்ச் அடிச்சேன். பனிக்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பு அடித்தகட்டைத் தின்னு வச்சிருக்கு. ஸ்க்ரூடிரைவரால லேசா குத்தினா பொலபொலன்னு உதிருது. விக்கிறவர் வானத்தைப் பார்க்கிறார்.

2014 சுபாரு ஃபாரஸ்டர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அதுலயும் நாலு சக்கரமும் இழுக்கும், ஈ.எஸ்.சி.யும் உண்டு. பையன் ரெண்டு நாளா பேசலை. அது அம்மாக்கள் ஓட்டுற வண்டியாம். வீட்டம்மா காதுல விழுந்துடுச்சு...