கையுறைக்குள் காற்று

சந்திர மண்டலப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இராக்கெட்டின் உயரத்தையும் வேகத்தையும் சொல்லி வியப்பது நம் வழக்கம். எனக்கென்னவோ வீரர்கள் அணிந்த கையுறைதான் பெரும் விந்தையாகத் தோன்றுகிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், முழுவதும் கேட்ட பிறகு சிரித்தவர்கள் குறைவு.

கடல் மட்டத்தில் காற்று நம்மைச் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்துகிறது. விண்வெளியில் அந்த அழுத்தம் இல்லை. ஆகவே உடைக்குள் ஆக்ஸிஜனை அடைத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். அமெரிக்க ஷட்டில் வீரர்களின் உடையில் அழுத்தம் 4.3 பவுண்டு. இது சொற்பந்தானே என்று எண்ண வேண்டாம். காற்றடித்த சைக்கிள் ட்யூபை வளைத்துப் பாருங்கள்; விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். கையுறையின் ஒவ்வொரு விரலும் அப்படியொரு ட்யூப்தான் (இயற்பியல் ஆசிரியர்கள் இந்த உவமையை மன்னிப்பார்களாக). விரலை மடக்கினால் உள்ளிடம் சுருங்குகிறது, காற்று எதிர்க்கிறது. ஒரு ஸ்பானரைப் பிடித்திருப்பதே ஓயாமல் ரப்பர் பந்தைப் பிசைவதற்குச் சமம். அதுவும் ஆறேழு மணி நேரம்!

1965 மார்ச் 18 அன்று முதன்முதலாக விண்வெளியில் மிதந்த ரஷ்யர் லியோனவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். உடை உப்பியது. விரல்கள் கையுறையின் நுனியை விட்டு விலகிவிட்டன. உள்ளே இருந்த காற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிய பிறகே அவரால் கலத்துக்குள் நுழைய முடிந்தது. சரி, இறுக்கமாகவே அணிந்தால் என்ன? 1971-இல் அப்போலோ 15-இல் சென்ற டேவிட் ஸ்காட் அப்படித்தான் விரும்பினார். சந்திரனில் வேலை முடிவதற்குள் அவருடைய நகங்கள் கறுத்துவிட்டன.

காற்றே ஏறாத கையுறையின் கதையும் உண்டு. 1960 ஆகஸ்ட் 16-இல் கிட்டிங்கர் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி பலூனில் 1,02,800 அடி உயரம் ஏறினார். வழியிலேயே வலது கையுறை பழுதாயிற்று. உடனே சொன்னால் இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. கை இருமடங்கு வீங்கியது. அப்படியே குதித்துத் தரை சேர்ந்தார். சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்ததாம்.

இத்தனை சங்கடங்களுக்கும் விடை தையலில்தான் இருக்கிறது. காற்றைத் தாங்கும் பை உள்ளே. அது உப்பாமல் பிடிக்கும் உறுதியான துணி அதன்மேல். வெப்பத்தையும் கீறலையும் தடுக்கும் உறை வெளியே. என் அக்கா ரவிக்கை தைக்கும்போது அக்குளில் சிறு துண்டு வைப்பாள். கையைத் தூக்கினால் துணி இழுக்காது. விரல் மூட்டிலும் ஏறக்குறைய அதே உபாயந்தான். ஒரு பக்கம் மடியும்போது மறுபக்கம் விரிந்து, உள்ளளவு கூடிய மட்டும் மாறாதபடி தைக்கிறார்கள். அப்போலோ உடைகளைத் தைத்தவர்கள் டெலாவேர் மாநிலத்து டோவர் ஊரின் தையற்காரப் பெண்கள். பிளேடெக்ஸ் என்ற பெயரில் பெண்களின் உள்ளாடைகளைத் தயாரித்த கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு வீரரின் கையையும் அச்சு வார்த்து, அதன்மேல் கையுறை செய்தார்கள். தொடுவது தெரிய வேண்டுமே என்று விரல் நுனிக்கு மட்டும் சிலிகோன் ரப்பர். இராக்கெட் செய்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். இந்தப் பெண்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உள்ளங்கை உப்பாமலிருக்க ஒரு கம்பியும் வைப்பதுண்டு. 1991-இல் அந்தக் கம்பியே ஒரு வீரரின் கையுறையைத் துளைத்துவிட்டது. அவருடைய தோலும் உறைந்த இரத்தமுமே துளையை அடைத்துக்கொண்டன! பூமிக்குத் திரும்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2007 ஆகஸ்டில் மற்றொருவர் கட்டைவிரலின் மேலுறையில் ஓட்டையைக் கண்டதும் வேலையைப் பாதியில் நிறுத்திக் கலத்துக்குள் அனுப்பிவிட்டார்கள்.

அதே ஆண்டில் மேலான கையுறைக்கு நாசா ஒரு போட்டி வைத்தது. வென்றவர் பீட்டர் ஹோமர், மெயின் மாநிலத்தில் வேலையின்றி இருந்த ஒரு பொறியாளர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தையல் மெஷினை வைத்துத் தைத்த கையுறைக்கு 2 இலட்சம் டாலர் பரிசு. 2009-இல் மீண்டும் போட்டி நடந்தது. அதிலும் அவரே முதல்.