ஐந்து பக்கக் கட்டுரையும் ஒரு கூகையும்

மூளை எப்படிக் கேட்கிறது என்று விளக்கும் பாடநூல் எதைப் புரட்டினாலும் ஒரு படம் வந்துவிடும். இரண்டு கோடுகள் எதிரெதிராக ஓடும். ஒன்று இடக் காதிலிருந்து, மற்றது வலக் காதிலிருந்து. நடுவே வரிசையாகச் சில வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு நியூரான். இரு கோடுகளிலிருந்தும் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கிளை பிரியும். கீழே பொடி எழுத்தில் ‘ஜெஃப்ரெஸ், 1948’ என்று இருக்கும். இந்தப் படம் எங்கிருந்து வந்தது, வரைந்தவர் எதைப் பார்த்து வரைந்தார் என்று தேடத் தொடங்கினேன்.

தேட வைத்தவள் என் அக்கா. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததில் அவளுக்கு இடக் காது முழுக்கப் போய்விட்டது. வலக் காது நல்ல கூர்மை. பேசுவதில், பாட்டுக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டில் செல்போன் அடித்தால் எந்த அறையில் அடிக்கிறது என்று அவளால் சொல்ல முடியாது. ரோட்டில் பின்னால் ஹாரன் கேட்கும். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுவாள். ஒலி கேட்பது ஒன்று, அது எந்தத் திசை என்று தெரிவது இன்னொன்று. பின்னதற்கு இரண்டு காதும் வேண்டும். ஏன் வேண்டும் என்று படிக்கத் தொடங்கிய இடத்தில்தான் அந்தப் படம் எதிர்ப்பட்டது.

கணக்கைப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. வலப் பக்கத்திலிருந்து வரும் ஒலி வலக் காதை முதலில் எட்டும். தலையைச் சுற்றிக்கொண்டு இடக் காதுக்குப் போக, அதிகபட்சம் 650 முதல் 700 மைக்ரோ நொடி கூடுதலாகும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒலி கொஞ்சம் நடுப்பக்கம் நகர்ந்தால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். கூர்ந்து கேட்பவர்களால் 10 மைக்ரோ நொடி வித்தியாசத்தைக்கூடப் பிரித்தறிய முடிகிறது. ஆனால் நியூரானின் ஒரு மின்துடிப்பே சுமார் 1000 மைக்ரோ நொடி நீளம். இவ்வளவு மந்தமான உறுப்பு இவ்வளவு நுணுக்கமான நேரத்தை எப்படி அளக்கிறது? அந்தப் படம் இந்தக் கேள்விக்கான பதில்.

ஒரு தெருவின் இரு முனையிலிருந்து இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் கிளம்பியிருந்தால் நடுத்தெருவில் சந்திப்பார்கள். ஒருவர் முன்னதாகக் கிளம்பியிருந்தால், சந்திக்கும் வீட்டுவாசல் மற்றவரின் முனைப்பக்கம் தள்ளிப்போகும். எந்த வாசலில் சந்தித்தார்கள் என்று தெரிந்தால் போதும், யார் எவ்வளவு முந்தினார் என்று சொல்லிவிடலாம், கடிகாரமே வேண்டாம். படத்தில் உள்ள வட்டங்கள் அந்த வாசல்கள். இரு காதின் துடிப்புகளும் ஒரே கணத்தில் வந்து சேரும் நியூரான் மட்டும் பலமாகத் துடிக்கும். எந்த நியூரான் துடிக்கிறதோ, அதுவே திசை. நேரத்தை இடமாக மாற்றிவிடுகிற இந்த யோசனையின் அழகு என்னை விட்டுப் போகவே இல்லை.

மூலக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். மொத்தமே ஐந்து பக்கம். எழுதியவர் லாய்ட் ஜெஃப்ரெஸ், டெக்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர். நரம்பில் துடிப்பு ஓட நேரம் எடுக்கும், இழை மெலிந்தால் வேகம் இன்னும் குறையும் என்பது அந்தக் காலத்தில் தெரிந்த விஷயம். அதைப் பிடித்துக்கொண்டு, ‘மூளையில் இப்படியோர் அமைப்பு இருந்தால் இந்த வேலை நடக்கும்’ என்கிறார். எந்த மூளையையும் திறந்து பார்த்து வரைந்த படம் அல்ல அது, யோசித்து வரைந்தது.

இவரைப் பற்றிப் படிக்கும்போது ஒரு சுவையான செய்தி கிடைத்தது. இரண்டு நோபல் பரிசு வாங்கிய வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் பள்ளித் தோழர் இவர். பாலிங்குக்கு 13 வயதிருக்கும்போது, சர்க்கரையோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து, ஒரு சொட்டு கந்தக அமிலம் விட்டுக் கொழுந்துவிட்டு எரியச் செய்து காட்டிய சிறுவன் இந்த ஜெஃப்ரெஸ்தான். வேதியியலில் தன் ஆர்வம் அங்கே தொடங்கியதாகப் பாலிங்கே சொல்லியிருக்கிறார். 1948இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், கால்டெக்கில், மூளையைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. கணிதவியலாளர் வான் நாய்மனும் நரம்பியலாளர் மக்கல்லக்கும் பேசிய அந்தக் கருத்தரங்கின் உரைகளை நூலாகத் தொகுத்தவரும் ஜெஃப்ரெஸ்தான். கால்டெக் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது திரும்பத் திரும்ப வரும்.

இரு காதுகளுக்கு இடையிலான நேர வித்தியாசம்தான் திசையைச் சொல்கிறது என்பது ஜெஃப்ரெஸுக்கு எப்படித் தெரியும்? அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். 1870களில் இங்கிலாந்தில் ராலே பிரபு ஒரு புல்வெளியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். சுற்றிலும் ஆட்கள் நின்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள், இசைக்கவையைத் தட்டினார்கள். மனிதக் குரல் வந்த திசையை அவரால் சொல்ல முடிந்தது. இசைக்கவையின் தூய ஒலி முன்னாலா பின்னாலா என்று குழப்பியது. ஆனால் இடமா வலமா என்பதில் குழப்பமே இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. தாழ்ந்த சுருதியின் அலை தலையைவிடப் பலமடங்கு நீளம். அது தலையைச் சுற்றி வளைந்து இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு விழும். அப்படியிருக்க இடமும் வலமும் எப்படித் தெரிகிறது? ஆர்கானைக் கண்டுபிடித்து 1904இல் நோபல் பரிசு வாங்கிய பிறகும் இந்தக் கேள்வியை அவர் விடவில்லை. 1907இல், தயக்கத்தோடுதான், முடிவுக்கு வந்தார்: அலையின் ஏற்ற இறக்கம் இரு காதிலும் சற்று முன்பின்னாக வரும் கட்ட வித்தியாசத்தை நரம்பு மண்டலம் எப்படியோ உணர்கிறது.

அடுத்து முதல் உலகப் போர். நாட்டார் இசையை ஆராய்ந்த ஹார்ன்பாஸ்டலும், உளவியலாளர் வெர்ட்ஹைமரும் ஜெர்மன் ராணுவத்துக்கு ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். அகலமாகப் பிரித்து வைத்த இரண்டு ஒலிவாங்கிகள், குழாய் வழியே இரண்டு காதுக்கும். காதுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தைச் செயற்கையாகக் கூட்டினால் நேர வித்தியாசமும் கூடும், எதிரியின் பீரங்கி இருக்கும் திசை துல்லியமாகத் தெரியும். 1920இல் அதன் கோட்பாட்டை வெளியிட்டார்கள். இத்தனைக்கும் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் வரைந்து காட்டவில்லை. அதைச் செய்ய 1948 வரவேண்டியிருந்தது.

சரி, அந்தப் படத்தை நிஜ மூளையில் முதலில் பார்த்தது யார்? இங்கேதான் கூகை வருகிறது. நம் கோயில் கோபுரங்களில் அடையும் கூகையின் நெருங்கிய உறவு அமெரிக்காவிலும் உண்டு. கூகை கத்தினால் அபசகுனம் என்று நம் ஊரில் விரட்டுவார்கள். எனக்கு அதில் எப்போதும் வருத்தம் உண்டு. ராஜர் பெய்ன் என்ற ஆய்வாளர் அந்த அமெரிக்கக் கூகையைக் கும்மிருட்டு அறையில் விட்டார். எலியைக் குறிதவறாமல் பிடித்தது. வாசனையாலோ உடல் சூட்டாலோ பிடித்திருக்கலாமே? எலியின் வாலில் சரசரக்கும் காகிதத்தைக் கட்டிவிட்டபோது, கூகை பாய்ந்தது காகிதத்தின் மேல். சந்தேகம் தீர்ந்தது. (இதே பெய்ன்தான் பிறகு திமிங்கிலங்களின் பாட்டை உலகத்துக்குக் கேட்கச் செய்தவர்.)

கியோட்டோவில் பிறந்த மசகாசு கொனிஷி அந்தப் பறவையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். அவர் 1975இல் போய்ச் சேர்ந்த இடம் கால்டெக். 1978இல் எரிக் நட்சனும் அவரும் கூகையின் நடுமூளையில் ஒரு வரைபடத்தைக் கண்டார்கள். ஒலிபெருக்கி ஓரிடத்தில் இருந்தால் ஒரு நியூரான் துடிக்கிறது. நகர்த்தினால் பக்கத்து நியூரான். காதில் அப்படியொரு வரைபடமே கிடையாது. கண்ணின் விழித்திரையில் முன்னாலுள்ள காட்சி அப்படியே பரந்து விழும்; காதுக்குச் சுருதிதான் தெரியும், இடம் தெரியாது. ஆகவே இந்த வரைபடத்தை மூளையே கணக்குப் போட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

கட்டிய இடத்தைப் பிடித்தவர் கேத்தரின் கார். கூகையின் மூளைத்தண்டில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பகுதி. ஒரு காதிலிருந்து வரும் ஆக்ஸான்கள், அதாவது துடிப்பைக் கடத்தும் நரம்பிழைகள், மேலிருந்து கீழே இறங்குகின்றன, மறு காதிலிருந்து வருபவை கீழிருந்து மேலே ஏறுகின்றன. இடையில் நியூரான்கள். மின்முனையை மெல்ல இறக்கிப் பதிவு செய்தால், ஒருபக்கத் துடிப்பு ஆழம் கூடக்கூடத் தாமதமாகிறது, மறுபக்கத் துடிப்பு முன்னதாகிறது. கட்டுரை 1988இல் கொனிஷியோடு சேர்ந்து வெளிவந்தது. அந்தப் பதிவு வரைபடங்களைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 40 ஆண்டு முன்பு யோசித்து வரைந்த கோடுகள் அப்படியே இருந்தன. ஜெஃப்ரெஸ் 1986இல் காலமாகியிருந்தார். கட்டுரை வந்த மறு ஆண்டே, அதே கால்டெக்கில், ஜான் லசாரோவும் கார்வர் மீடும் கூகையின் இந்தச் சுற்றை ஒரு சிலிக்கான் சில்லில் செதுக்கிவிட்டார்கள்.

எனக்கு இதோடு தேடல் முடிந்துவிடவில்லை. அந்த ஆக்ஸான் கம்பிகளின் நீளத்தை இவ்வளவு துல்லியமாக அளந்து போட்டது யார்? பிறப்பிலேயே எழுதி வைத்திருக்க முடியாது. குஞ்சின் தலை வளர வளரக் காதுகளின் இடைவெளியும் மாறுமே. 1996இல் கெர்ஸ்ட்னர், கெம்ப்டர், வான் ஹெம்மன், வாக்னர் நால்வரும் ஒரு மாதிரியைக் கணினியில் கட்டினார்கள். தொடக்கத்தில் ஒரு நியூரானுக்குத் தாறுமாறான தாமதங்களோடு ஏராளமான ஆக்ஸான்கள் வருகின்றன. விதி ஒன்றே ஒன்று: நியூரான் துடிப்பதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்த இணைப்பு பலப்படும், பிந்தி வந்தது பலவீனமாகும். 1949இல் உளவியலாளர் டொனால்ட் ஹெப் சொன்ன கருத்தின் கூர்தீட்டிய வடிவம் இது. ஒலிகளைக் கேட்கக் கேட்க, ஒத்து வரும் ஆக்ஸான்கள் நிலைக்கின்றன, மற்றவை உதிர்கின்றன. ஆசிரியர் யாரும் இல்லாமலே நியூரான் மைக்ரோ நொடிகளை அளக்கப் பழகிவிடுகிறது.

அந்தக் கட்டுரை வந்தது 1996 செப்டம்பரில். 1997 ஜனவரியில், ஹென்றி மார்க்ரமும் சகாக்களும் எலியின் மூளைப் புறணியில் செய்த சோதனை அச்சேறியது: நியூரான்களின் உண்மையான இணைப்பான சினாப்ஸும் அப்படித்தான் நடந்துகொள்கிறது, முந்தினால் பலம், பிந்தினால் நலிவு. மறு ஆண்டு பி, பூ என்ற இரு ஆய்வாளர்கள் அந்த முந்தல் பிந்தலின் கால இடைவெளியை அளந்தார்கள். சுமார் 20 மில்லி நொடி. இன்று மூளையைப் பின்பற்றிச் செய்யப்படும் இன்டெல்லின் லோய்ஹி போன்ற சில்லுகளிலும் இந்த விதி ஓடுகிறது. ஜெஃப்ரெஸின் படத்துக்கு நேர்ந்தது இங்கேயும் நேர்ந்தது. காகிதத்தில் எழுதியவர் முந்திக்கொண்டார், மின்முனை பின்னால் வந்தது. மாதிரி கட்டுவோரைக் கற்பனைக்காரர்கள் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளையும் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

நட்சன் பிறகு ஸ்டான்ஃபோர்டில் செய்த வேலையைத்தான் அக்காவிடம் அதிக நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூகைக் குஞ்சுகளுக்கு முப்பட்டகக் கண்ணாடி மாட்டினார். பார்ப்பதெல்லாம் 23 டிகிரி பக்கவாட்டில் தள்ளித் தெரியும். கூகையால் விழியைச் சுழற்ற முடியாது, அதனால் இந்தப் பிசகிலிருந்து தப்ப வழியில்லை. சத்தம் ஓரிடம், கண்ணுக்குத் தெரியும் எலி வேறிடம். சில வாரங்களில் நடுமூளையின் ஒலி வரைபடம் கண்ணோடு ஒத்துப்போகும்படி நகர்ந்துவிட்டது. புதிய ஆக்ஸான் கிளைகள் முளைத்திருந்தன. பழைய இணைப்புகள் அழியவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருந்தன. வளர்ந்த கூகைக்கு ஒரேயடியாகக் கண்ணாடி மாட்டினால் இது நடப்பதில்லை. ஆனால் விலகலைச் சிறுகச் சிறுகக் கூட்டினால் அதுவும் கணிசமாகக் கற்றுக்கொள்கிறது. உயிருள்ள எலியைத் தானே வேட்டையாட விட்டால் இன்னும் நன்றாக.

“எனக்கும் அந்தக் கம்பியெல்லாம் இருக்குமா?” என்று கேட்டாள்.

நேர்மையாகச் சொன்னால், ஜெஃப்ரெஸின் படம் கூகைக்குப் பொருந்துகிற அளவுக்கு நமக்குப் பொருந்தவில்லை. 2001இல் டேவிட் மக்கல்பைனும் சகாக்களும் கினிப்பன்றியின் நியூரான்களைப் பதிவு செய்தபோது, பல நியூரான்கள் அதிகபட்சமாகத் துடித்த தாமதம் அந்தத் தலையில் உண்டாகவே முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. வாசல் வாசலாகப் பிரித்து அளப்பதாகத் தெரியவில்லை. இடப்பக்க மூளையில் ஒரு கூட்டம், வலப்பக்கத்தில் ஒரு கூட்டம். இரண்டில் எது எவ்வளவு கூடுதலாகத் துடிக்கிறது என்ற ஒப்பீட்டில்தான் திசை இருக்கிறது என்றார்கள். மறு ஆண்டு ஜெர்பில் எலியில், கிளைசின் என்ற வேதிப்பொருள் வழியாகத் துல்லியமாக வந்து விழும் தடுப்புச் செய்திதான் தாமதத்தை அமைக்கிறது என்று காட்டினார்கள். தலை சின்னதாகி, கேட்கும் சுருதியும் தாழ்வாக இருந்தால் இரு கூட்டங்களை ஒப்பிடும் முறைதான் சிக்கனம் என்று கணக்கும் சொன்னது. மனிதத் தலையில் எது நடக்கிறது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பாடநூல்கள் ஜெஃப்ரெஸின் படத்தைப் போடட்டும். பக்கத்திலேயே கினிப்பன்றியின் படத்தையும் போட்டால்தான் மாணவருக்கு நியாயம்.

அக்காவின் கேள்விக்கு நெருங்கிய பதில் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துச் சோதனையில் இருக்கிறது. ஒற்றைக் காதிலும் திசைக்குத் துப்பு உண்டு: காது மடலின் மேடுபள்ளம் ஒலியின் நிறத்தைத் திசைக்கேற்ப மாற்றும். ஒரு காதில் கேட்பவர்கள் சிலர் அதை வைத்துத் திசை பிடிக்கப் பழகிவிடுகிறார்கள். 1998இல் ஹாஃப்மன், வான் ரிஸ்விக், வான் ஆப்ஸ்டல் மூவரும் நான்கு பெரியவர்களின் காது மடலுக்குள் சிறு அச்சுகளைப் பொருத்தி மடலின் வடிவத்தை மாற்றினார்கள். பொருத்திய உடனே ஒலி மேலேயா கீழேயா என்பது தெரியாமல் போயிற்று. அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டே அச்சோடு நடமாடினார்கள். ஆறு வாரத்துக்குள் திசை படிப்படியாகத் திரும்பி வந்தது. அச்சைக் கழற்றிய அன்றும் அவர்கள் தடுமாறவில்லை. சொந்தக் காதின் பழைய கணக்கு அப்படியே இருந்தது.