கோடிக்குப் போகும் சாலை

தஞ்சாவூரிலிருந்து வரும் மாநில நெடுஞ்சாலையில் வேதாரண்யத்துக்கு அப்பால் மிச்சமிருப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வேறெங்கோ போகிறவர் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. கோடியக்கரையில் வேலை இருந்தால்தான் வரவேண்டும்.

வேதாரண்யம் கோயிலில் அடைத்துக் கிடந்த கதவை அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாடித் திறந்தாராம். சம்பந்தர் முதல் பாட்டிலேயே அடைத்துவிட்டாராம். அப்பருக்கு மனம் வாடியதில் வியப்பில்லை. ஊரைத் தாண்டினால் மரங்கள் குறைந்து அகஸ்தியன்பள்ளி உப்பளம் விரிகிறது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். 2023இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்த ரயிலும் இதோடு நின்றுவிடுகிறது.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இந்த உப்புக்காகத்தான் பதினைந்து நாள் நடந்தார்கள். சோறு போடுகிறவருக்குச் சிறை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டினார். சோற்றுப் பொட்டலங்கள் வழியோர மரக்கிளைகளில் தொங்கின. போட்டது யார் என்று மரத்தையா கேட்க முடியும்? ஏப்ரல் 30இல் உப்பை அள்ளினார்கள், ராஜாஜி கைதானார். வேதாரண்யத்து நாவிதர் வைரப்பன், தன்னிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிறைக்குப் போனார். அந்தப் பாதி முகத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அகஸ்தியன்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வதோடு சரி.

பிறகு கோடியக்காடு. 1967இல் சரணாலயமான இந்தக் காட்டில் வெளிமான்கள் மேய்கின்றன. மணலில் பாலை மரங்கள் இலை உதிர்க்காமல் நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. இங்கேதான் குழகர் கோயில். கடற்காற்று அறைய, கூகை குழற, துணைக்கு ஆளில்லாமல் இந்தக் காட்டில் ஏன் இருக்கிறீர் என்று சுந்தரர் சிவனிடமே கேட்ட இடம். வேண்டுதல் எதுவும் வைக்காமல் சாமிக்காகக் கவலைப்பட்ட மனிதர்! தேவாரத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி அது.

கோடி என்றால் முனை. கிழக்குக் கடற்கரை இங்கே மேற்கே முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தை 2004 சுனாமி சாய்த்துவிட்டது. செங்கல் மட்டும் கிடக்கிறது. ஐப்பசி வாக்கில் வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போடுவார்கள், பூநாரைகளும் வந்து இறங்கும். கோடைக்குமுன் கொட்டகைகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டு, வந்த சாலையிலேயே திரும்புவார்கள். குழகர் மறுபடி தனியாள்.